வெள்ளைக்காரப் படையில் ஒரு விழுப்புரம் பையன்

தினமும் காலையில் திண்டிவனத்தில் ரயில் ஏறி விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி, பஸ்ஸைப் பிடிக்க ஓடுற கூட்டத்தில் நீங்களும் ஒருத்தரா? அப்போ இந்தக் கட்டுரை முதலில் உங்களுக்குத்தான். அந்த ஜங்ஷனுக்கும் தமிழ் சினிமாவுக்கும் ஒரு சொந்தம் இருக்கு. சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி ரயில்வேயில் வேலை பார்த்த ஒருத்தர் குடும்பத்தோடு இந்த ஊரில் இருந்தார். பெயர் சின்னையா மன்றாயர். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். மனைவி ராஜாமணி அம்மாள். 1928 அக்டோபர் 1-ஆம் தேதி அவங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். பெயர் கணேசமூர்த்தி. வி.சி.கணேசன் என்ற பெயரில் இருக்கும் அந்த 'வி' வேற எதுவும் இல்லைங்க, நம்ம விழுப்புரம்தான்.

ஆமாம், சிவாஜி கணேசனைப் பற்றித்தான் சொல்லப் போறேன். உடனே பக்கத்தைத் தள்ளிடாதீங்க. அவர் இறந்தது 2001 ஜூலை 21. இதைப் படிக்கிற நம்மில் பல பேர் அப்போ பிறக்கவே இல்லை. நமக்குத் தெரிந்த சிவாஜி, மீம்ஸில் வருகிற சிவாஜி. கண்ணை உருட்டி, கன்னம் துடிக்க, வசனம் பேசுகிற சிவாஜி. வீட்டில் அப்பாவோ தாத்தாவோ டிவி முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும்போது, நாம ஹெட்போனை மாட்டிக்கிட்டு உள்ளே போயிருப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். கல்ச்சுரல்ஸ் நாடகத்துக்காக 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை முழுசாகப் பார்க்கும்வரை.

அந்தப் படம் முதலில் ஒரு மேடை நாடகம். அந்த நாடகத்துக்கு முன்னால் ஒரு தெருக்கூத்து. அந்தக் கூத்துக்கு முன்னால் ஒரு நிஜப் போர். இந்த நாலும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் எப்படி ஒன்று சேர்ந்தது என்பதுதான் கதை.

முதலில் அந்த நிஜப் போர். திருநெல்வேலிச் சீமையில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தின் தலைவர் கட்டபொம்மன். வரி கட்டச் சொன்ன கிழக்கிந்தியக் கம்பெனியோடு மோதல் முற்றியது. 1798-இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தபோது கைகலப்பு வரைக்கும் போனது. அடுத்த வருஷம் மேஜர் பானர்மேன் தலைமையில் படை வந்தது. கோட்டை விழுந்தது. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். அவர் எப்படிப்பட்டவர் என்பதில் எழுதுபவர்களுக்குள் இன்றைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தென்பக்கத்து ஜனங்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கதைப் பாட்டாகப் பாடினார்கள், கூத்தாக ஆடினார்கள்.

கூத்து என்றால் நம்ம பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி சுற்று வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்தால் ராத்திரி முழுக்க பாரதக் கூத்து நடக்கும். கடைசியில் படுகளம். மண்ணில் பிரம்மாண்டமாகப் படுத்துக் கிடக்கும் துரியோதனன் உருவத்தைச் சின்ன வயசில் பார்த்துப் பயந்திருப்பீங்க. போரை மேடையில் காட்டுவது நமக்குப் புது விஷயமே இல்லை.

சரி, பையன் கதைக்கு வருவோம். அப்பா சின்னையா மன்றாயர் சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி ஜெயிலுக்குப் போனார். ரயில்வே வேலை போனது. குடும்பம் திருச்சி சங்கிலியாண்டபுரத்துக்குப் போனது. அங்கே ஒரு நாள் கட்டபொம்மன் கூத்து வந்தது. கூத்தில் கம்பெனிப் படைக்கு ஆள் பற்றவில்லை. தெருவில் நின்ற சின்னப் பையன்களைப் பிடித்து வெள்ளைக்காரச் சிப்பாய் வேஷம் போட்டு நிற்க வைத்தார்கள். அதில் ஒருத்தன் நம்ம கணேசன். அவர் ஏறிய முதல் மேடை அது. வசனம் இல்லை. கட்டபொம்மனைப் பிடிக்கப் போகிற படையில் ஒரு ஆள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் அடி விழுந்தது. அப்பாவின் கோபத்தை யோசிச்சுப் பாருங்க. வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போய், வேலையை இழந்து வந்திருக்கிறார். பெற்ற மகன் அதே வெள்ளைக்காரன் படையில் நின்றுவிட்டு வருகிறான்! அடியோடு அந்த ஆசை போயிருக்கணும். போகவில்லை. கட்டபொம்மனாக ஒரு நாள் நடிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கே விழுந்துவிட்டது என்று பிற்பாடு அவரே தன் வாழ்க்கைக் கதையில் சொல்லியிருக்கிறார்.

கொஞ்ச நாளில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனி திருச்சிக்கு வந்தது. பையன் போய்ச் சேர்ந்தான். எப்படித் தெரியுமா? தனக்கு அப்பா அம்மா யாருமில்லை, அநாதை என்று பொய் சொல்லி. வீட்டில் அம்மா உயிரோடு இருக்கும்போது அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு வெறி இருக்கணும்? அந்தப் பொய்க்கு விலையும் கொடுத்தான். பல வருஷம் வீட்டையே பார்க்கவில்லை. பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை ஹாஸ்டல் மாதிரி இருந்தாலும், லீவு கிடையாது. விடியற்காலையில் எழுந்து பாட்டு, நடனம், வசனப் பாடம். ராத்திரி நாடகம். ஊர் ஊராக மூட்டை முடிச்சோடு பயணம். முதலில் கிடைத்த வேஷம் சீதை. அப்புறம் சூர்ப்பனகை, பரதன் என்று ஒவ்வொன்றாக வந்தது. எம்.ஆர்.ராதா போன்ற பெரிய நடிகர்களைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டான்.

இந்த இடத்தில் நம்ம பாடத்திலிருந்து ஒரு கணக்கு. திறந்த வெளியில், பேசுகிறவரிடமிருந்து தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி அளவு சுமார் 6 டெசிபல் குறையும். இரண்டு மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் 32 மீட்டரில் இருப்பவருக்கும் நடுவில் 24 டெசிபல் வித்தியாசம். பாதி ரகசியம் காற்றிலேயே போய்விடும். முகத்தில் நடக்கிற சின்ன மாற்றம் கடைசி வரிசைக்குத் தெரியவே தெரியாது. தரை டிக்கெட் வாங்கினவனும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறான். அவனுக்கும் கேட்கணும், தெரியணும். ஓவர் ஆக்டிங் என்று நாம கிண்டல் பண்ணுகிற விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கு. அந்தக் குரலும் அந்தக் கண்ணும் கடைசி வரிசைக்காகச் செய்யப்பட்டவை.

அடுத்த திருப்பம் 1946 வாக்கில் வந்தது. அறிஞர் அண்ணா 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்று ஒரு நாடகம் எழுதினார். மராட்டிய வீரர் சத்ரபதி சிவாஜி போரில் ஜெயித்து முடித்தபின் முடிசூட்டிக்கொள்ள வரும்போது, பிறப்பைச் சொல்லி அவரைத் தடுக்கிறார்கள் என்பது கதை. சிவாஜி வேஷத்துக்கு முதலில் பேசப்பட்டவர் எம்.ஜி.ஆர். அவர் நடிக்க முடியாமல் போக, வாய்ப்பு பதினேழு வயசு கணேசனுக்கு வந்தது. கையில் கிடைத்தது பக்கம் பக்கமாக வசனம், படிக்கக் கிடைத்த நேரமோ ரொம்பக் கம்மி. மனப்பாடம் செய்துகொண்டு வந்து பேசிக் காட்டினார். காகப்பட்டர் வேஷத்தில் அண்ணாவே நடித்தார். சென்னையில் நாடகத்தைப் பார்த்த பெரியார், இனி இந்தப் பையன் கணேசன் இல்லை, சிவாஜி என்று பெயர் வைத்தார். கடைசிவரை நின்றது அந்தப் பெயர்தான்.

ஒரு உள்ளூர்த் தகவலும் சொல்லிடறேன். அந்த நிஜ சத்ரபதி சிவாஜி 1677-இல் தெற்கே படையெடுத்து வந்து பிடித்த கோட்டை எது தெரியுமா? செஞ்சி. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. விழுப்புரத்துப் பையனுக்குக் கிடைத்த பட்டப் பெயர், நம்ம பக்கத்துக் கோட்டையைப் பிடித்தவருடைய பெயர்.

பெயர் வந்ததும் சோறு வந்துவிடவில்லை. மேலும் ஆறு வருஷம் நாடகம், அலைச்சல். வேலூரைச் சேர்ந்த பி.ஏ.பெருமாள் முதலியார் 'நூர்ஜஹான்' நாடகத்தில் நூர்ஜஹானாகப் பெண் வேஷம் போட்டு நடித்த கணேசனைப் பார்த்திருந்தார். 'பராசக்தி' படம் எடுக்கும்போது இவரையே கதாநாயகனாகப் போட வேண்டும் என்றார். கூட்டுத் தயாரிப்பாளரான ஏவி.எம்.மெய்யப்பனுக்கு இஷ்டமில்லை. பையன் ஒல்லியாக இருக்கிறான், வேறு ஆளைப் போடலாம் என்ற பேச்சு ஓடியது. படப்பிடிப்பு தொடங்கிய பிறகும் அந்தக் கத்தி தலைமேல் தொங்கியது. பெருமாள் முதலியார் பிடிவாதமாக நின்றார். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. மு.கருணாநிதி எழுதிய வசனம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். மறுநாளிலிருந்து தமிழ்நாடே அந்த வசனத்தைப் பேசிக்கொண்டு திரிந்தது. அதற்குப் பிறகு எத்தனை உயரம் போனாலும், பொங்கலுக்குப் பொங்கல் வேலூர் போய்ப் பெருமாள் முதலியாருக்குச் சீர் வைத்து வணங்கிவிட்டு வருவதை சிவாஜி விடவில்லை. 'பராசக்தி'யும் முதலில் மேடை நாடகமாக நடந்ததுதான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்க.

சினிமாவில் நம்பர் ஒன் ஆன ஒருத்தர் அதற்கப்புறம் எதற்கு மேடைக்குப் போகணும்? ஆனால் போனார். அடிபட்ட அந்தப் பையனின் ஆசை பாக்கி இருந்ததே. சக்தி டி.கே.கிருஷ்ணசாமியிடம் கட்டபொம்மன் நாடகம் எழுதச் சொன்னார். சிவாஜி நாடக மன்றம் 1957 ஆகஸ்டில் சேலத்தில் அரங்கேற்றியது. அரண்மனை செட், உடை, வாள், வேல் என்று பெரும் செலவு. நூறு தடவைக்கு மேல் நடந்தது. பல ஊர்களில் வசூல் பள்ளிக்கூடம், பொதுக் காரியம் என்று நன்கொடையாகப் போனது. அந்தக் காலத்தில் எத்தனையோ ஊர்ப் பள்ளிக் கட்டடங்களில் கட்டபொம்மன் குரலுக்கும் ஒரு பங்கு இருந்தது.

நாடகத்தைப் பார்த்த இயக்குநர் பி.ஆர்.பந்துலு அதைப் படமாக்க வந்தார். இங்கேதான் நமக்கு உண்மையான பாடம் இருக்கு. போர் நாடகத்தைப் படமாக்குவது எப்பவும் ஒரு சிக்கலான வேலை. மேடையில் போரைக் காட்ட முடியாது. முரசுச் சத்தம், ஓடி வரும் தூதன், ரத்தக் கறையோடு வரும் தளபதி, இவற்றை வைத்துத்தான் ஜனங்கள் மனசுக்குள் போர் நடக்கும். கேமரா வந்ததும் எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய்க் காட்டு என்று ஒரு ஆசை வரும்.

இங்கிலாந்திலும் இதே சிக்கல் இருந்தது. முதல் உலகப் போரில் அதிகாரியாக இருந்த ஆர்.சி.ஷெரிஃப், பதுங்குகுழி ஒன்றுக்குள் சாவுக்காகக் காத்திருக்கும் சிப்பாய்களைப் பற்றி 'ஜர்னீஸ் எண்ட்' என்று ஒரு நாடகம் எழுதினார். சிவாஜி பிறந்த அதே 1928-இல், டிசம்பரில் லண்டனில் அது மேடை ஏறியது. 1930-இல் படமாக வந்தது. 2017-இல் மறுபடியும் வந்தது. நடுவில் 1976-இல் பதுங்குகுழியை எடுத்துவிட்டு, விமானப் படை வீரர்கள் கதையாக மாற்றியும் எடுத்துப் பார்த்தார்கள். குழிக்குள்ளேயே இருக்கலாமா, வெளியே போகணுமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பதில் தேடியது.

பந்துலு சொன்ன பதில், வெளியே போகலாம் என்பது. போர்க்காட்சிகளை ராஜஸ்தானில் ஜெய்ப்பூர்ப் பக்கம் எடுத்தார்கள். குதிரைகள், நிஜ ராணுவ வீரர்கள் என்று களமே நிறைந்தது. கேவா கலரில் படம் பிடித்து, லண்டனில் டெக்னிக்கலர் பிரிண்ட் போட்டார்கள். தமிழுக்கு அதுதான் முதல் டெக்னிக்கலர் படம். வரலாற்று விஷயத்துக்கு ம.பொ.சிவஞானம் துணை நின்றார். வெள்ளையத்தேவன் வேஷத்துக்குப் பேசப்பட்ட எஸ்.எஸ்.ராஜேந்திரன் கண்ணதாசனின் 'சிவகங்கைச் சீமை'க்குப் போய்விட, ஜெமினி கணேசன் வந்தார். ஜாக்சனாக சி.ஆர்.பார்த்திபன், பானர்மேனாக ஜாவர் சீதாராமன். 1959 மே மாதம் படம் வெளியானது.

இப்போ ஒரு சோதனை. இந்தப் படத்தில் உங்களுக்கு ஞாபகம் இருக்கிற காட்சி எது? படத்தையே பார்க்காதவர்களும் சொல்லக்கூடிய காட்சி ஒன்று இருக்கு. ஒரு அறை. ஜாக்சன் துரை. எதிரே கட்டபொம்மன். வரி பற்றிய வாக்குவாதம். அவ்வளவுதான். ஜெய்ப்பூர்க் குதிரைகள் ஒன்றுகூட ஞாபகம் வராது. பந்துலு எல்லையை எவ்வளவு அகலமாக்கினாலும், ஜனங்கள் தூக்கிக்கொண்டு போனது மேடையிலிருந்து அப்படியே வந்த அந்த ஒரு அறையைத்தான். அறுபது வருஷமாக ஸ்கூல் ஆண்டு விழாவில், அட்டை வாளோடு, மை மீசையோடு யாராவது ஒரு பையன் அந்தக் காட்சியை நடித்துக்கொண்டே இருக்கிறான். எங்க ஸ்கூலிலும் நடித்தான், உங்க ஸ்கூலிலும் நடித்திருப்பான்.

அடுத்த வருஷம், 1960-இல், எகிப்தின் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது. இசையமைப்பாளர் ஜி.ராமநாதனுக்கும் விருது. வெளிநாட்டுத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகராகத் தேர்வான முதல் இந்திய நடிகர் என்று இவரைச் சொல்வார்கள். அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர்களில் பல பேர், வெள்ளைக்கார ஆட்சியை அப்போதுதான் உதறியிருந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். வரி கேட்கிற துரை முன்னால் நிமிர்ந்து நிற்கும் ஒருத்தனைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

மீதிக் கதை உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். ஏறக்குறைய 300 படங்கள். சீனப் போருக்குப் பிறகு 1963-இல் வந்த 'இரத்தத் திலகம்' படத்தில் நம் காலத்து ராணுவ அதிகாரி. 1970-இல் 'ராமன் எத்தனை ராமனடி' படத்துக்குள்ளேயே ஒரு நாடகக் காட்சி, அதில் மறுபடியும் சத்ரபதி சிவாஜி. 1966-இல் பத்மஸ்ரீ, 1995-இல் பிரான்ஸ் அரசின் செவாலியே, அடுத்து தாதாசாகேப் பால்கே விருது. எல்லாமே வெற்றி என்றும் சொல்ல முடியாது. சொந்தக் கட்சி தொடங்கி 1989 தேர்தலில் திருவையாற்றில் நின்று தோற்றார். மேடையில் எல்லா ராஜாவுக்கும் கிரீடம் வைத்த தலைக்கு, ஓட்டுப் பெட்டி கிரீடம் வைக்கவில்லை. 'முதல் மரியாதை' பார்த்தீங்கன்னா இன்னொன்றும் புரியும். குரலை ஏற்றாமல், கண்ணை உருட்டாமல், சும்மா உட்கார்ந்தே நடிக்கவும் இந்த மனிதருக்குத் தெரியும். எந்த அளவு, எந்த வரிசைக்கு என்பது அவர் கையில் இருந்த கணக்கு.

ஆனால் என்னை நிறுத்தி வைத்த விஷயம் விருது எதுவும் இல்லை. கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில் ஒரு சிலை நிற்கிறது. அந்த நிலத்தைத் தன் சொந்தக் காசில் வாங்கி, 1970-இல் சிலையை வைத்தவர் சிவாஜி. படம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. விளம்பரம் தேவைப்பட்ட நிலையிலும் அவர் இல்லை. வெள்ளைக்காரப் படையில் நின்றதற்காக அப்பா கையால் வாங்கிய அடிக்கு, ஒரு பையன் முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்துக் கொடுத்த பதில் அது என்றுதான் எனக்குப் படுகிறது.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' 2015-இல் டிஜிட்டலில் புதுப்பித்து மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. இப்போ போனிலேயே கிடைக்கும். செமஸ்டர் லீவில் ஒரு நாள் வீட்டில் தாத்தாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது போட்டுப் பாருங்க, ஹெட்போன் இல்லாமல். பார்க்கும்போது கட்டபொம்மனை மட்டும் பார்க்காதீங்க. பின்னால் வரிசையாக நிற்கிற, ஒரு வசனமும் இல்லாத கம்பெனிச் சிப்பாய்களையும் ஒரு தடவை பாருங்க.

அடுத்த மாசம் நம்ம கல்ச்சுரல்ஸ். நாடகத்துக்கு ஆள் எடுக்கிறோம். மெயின் ரோல் இல்லைன்னா வரமாட்டேன் என்று இதுவரை நாலு பேர் சொல்லிட்டாங்க. எனக்குக் கிடைத்திருக்கும் வேஷம், ஈட்டியோடு கடைசி வரிசையில் நிற்கும் சிப்பாய். நான் நிற்கிறேன். பக்கத்தில் இன்னும் மூணு இடம் காலி. வர்றீங்களா?